கூலி கேட்ட கரமும் முதல் திரட்டிய கரமும்



உழைத்தவனுக்குரிய கூலியைக் காலந்தாழ்த்தாது கொடுத்துவிட வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். இதனை நாம் அறிவோம். ஆனால், கூலி ஒழுங்காகக் கிடைத்துவிட்டால் மட்டும் ஏழையின் தளை அறுந்துவிடுமா? சற்றே சிந்தியுங்கள்.

ஜவ்வாதுமலையில் சாமை விதைக்கும் மலைவாழ் உழவனுக்கு விதைக்கும் பணம் வேண்டும். நோய்க்கும் பணம் வேண்டும். அந்நேரத்தில் முன்பணத்தோடு நீளும் கை பெரும்பாலும் தரகனுடையது. அதனைப் பெற்றவன் தன் உழைப்பையே அடகு வைத்தவனாகிறான். 1976ஆம் ஆண்டின் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. எனினும் தளையை வெட்டிய சட்டம் கையில் முதலைக் கொடுக்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியவர்கள் என ஆந்திரக் காவல்துறை கூறிய 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இம்மலையினரும் இருந்தனர். பிழைப்புக்கு வழியற்றவனை எந்த அழைப்பும் இழுத்துச் செல்லும் அன்றோ!

இவ்வுண்மையைத் தம் தொழிற்சங்க வாழ்விலேயே கண்டுகொண்டவர் அகமதாபாத்தின் இலா பட் அம்மையார். 1955இல் அவர் அந்நகரின் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தில் சட்டப் பிரிவில் சேர்ந்தார். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. தலைச்சுமை தூக்குபவளுக்கும் தெருவில் காய்கறி விற்பவளுக்கும் எதுவுமில்லை. அவர்களுக்காக 1972இல் ‘சேவா’ சங்கத்தை அமைத்தார்.

சங்கம் வைத்தபின் தெரிந்தது மற்றொரு நோய். அப்பெண்கள் ஈட்டியதைக் கடன்காரர்கள் கொண்டுபோயினர். எனவே 1974இல், 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகையிட்டுத் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கியைக் கண்டனர். எழுத்தறியாதவர்களின் கணக்கேட்டில் கையொப்பத்தின் குறையைப் புகைப்படம் தீர்த்தது. கூலிக்காக வாதாடியவர், முதலின் போக்கையே மாற்றத் துணிந்தார். 1979இல் உலக மகளிர் வங்கி என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 2022இல் மறைந்தார்.

அவ்வங்கி வட்டியின் அடிப்படையில் அமைந்தது. அதில் நம் மார்க்கத்தின் நிலை வேறு. ஆயினும் அதன் நோக்கம் நமக்குப் புதியதன்று. கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகம் செய்ததை நாம் அறிவோம். ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதப்படி பகிர்ந்து, உழைத்தவர் கடமை தவறாதவரை பொருள் நட்டத்தை முதலிட்டவரே ஏற்கும் ‘முளாரபா’ முறையில் உழைப்பவன் கடனாளியல்லன், பங்காளி ஆவான்.

இன்று அதற்கான வாயில்களும் திறந்துள்ளன. உழவர்களே பங்குதாரராகும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கம்பெனிச் சட்டம் 2002இன் திருத்தத்தால் இடமளித்தது. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் தம் தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டுமெனச் செபி 2022-23 முதல் விதித்துள்ளது.

எனவே, சேமிப்பை முதலீடு செய்யும் சகோதரரே! எவ்வளவு இலாபம் வரும் என்று கேட்குமுன், அது எவருடைய வியர்வையிலிருந்து வருகிறது, அவருக்குரியது சேர்ந்ததா என்று கேளுங்கள். தொழிற்சங்கம் ஆலை வாயிலில் கேட்கும் அதே கேள்வியை முதலிடுபவன் தன் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கலாம். சாமை விளைவிப்பவனுக்கு நியாய விலை கொடுத்து வாங்குவதும் அவ்வழியில் ஓர் அடியே.

நம் பொருளை எவரையும் பிணிக்காத பொருளாக வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.