சோவியத் பிரிந்தது போல் யூகோஸ்லாவியா ஏன் பிரியவில்லை?

1991 ஜூனுக்கும் 1993 ஜனவரிக்கும் இடையில் மூன்று சோஷலிசக் கூட்டாட்சிகள் உடைந்தன. சோவியத் யூனியன் 15 நாடுகளானது. செக்கோஸ்லோவாக்கியா ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் இரண்டானது. யூகோஸ்லாவியாவிலோ பொஸ்னிய முஸ்லிம்கள் இனப்படுகொலைக்கு ஆளானார்கள்.

"கம்யூனிசம் வீழ்ந்ததால் உடைந்தது" என்பது பாதிப் பதில்தான். போலந்திலும் ஹங்கேரியிலும் அது வீழ்ந்தது. அந்த நாடுகள் உடையவில்லை. உடைந்த மூன்றும் தேசிய இனங்களுக்குத் தனித்தனிக் குடியரசு, எல்லை, சட்டமன்றம் கொடுத்து அமைக்கப்பட்டவை. கட்சிதான் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு. அது தளர்ந்தபோது, குடியரசுத் தலைவர்களின் கையில் ஏறக்குறைய ஆயத்தமான நாடு இருந்தது.

அதன்பின் எல்லாம் பெரிய இனத்தின் தலைமை என்ன முடிவெடுத்தது என்பதைப் பொறுத்தது. ரஷ்யாவின் எல்ட்சின், கோர்பச்சேவின் மத்திய அரசிலிருந்து விடுபடவே விரும்பினார். 1991 டிசம்பர் 8 அன்று உக்ரைன், பெலாரஸ் தலைவர்களுடன் சேர்ந்து யூனியனை முடித்துவைத்தார். சுமார் இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் ரஷ்யாவுக்கு வெளியே வாழ்ந்தும், குடியரசு எல்லைகளை மாற்ற அவர் போர் தொடுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆப்கான் போர் சோவியத்தைப் பலவீனப்படுத்தியது உண்மை. ஆனால் மத்திய ஆசிய முஸ்லிம் குடியரசுகள் பிரிவினைக்கு முன்னின்றதில்லை. 1991 மார்ச் வாக்கெடுப்பில் அங்கே 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் யூனியன் நீடிக்கவே வாக்களித்தனர். கஸகஸ்தான் சுதந்திரம் அறிவித்ததே டிசம்பர் 16இல்தான், எல்லோருக்கும் கடைசியாக.

செர்பியாவின் மிலோசெவிச் நேர்மாறான வழியில் போனார். 1989இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். குரோஷியாவும் ஸ்லோவேனியாவும் விலகியபோது, செர்பியர் வாழும் பகுதிகளைப் பிரித்தெடுக்க முனைந்தார். கூட்டாட்சி ராணுவமும் அவர் பக்கம் சாய்ந்தது.

பொஸ்னியாவில் எந்த இனமும் பாதியைத் தாண்டவில்லை. முஸ்லிம்கள் சுமார் 43 சதவீதம், செர்பியர் 31, குரோஷியர் 17. ஊருக்கு ஊர் கலந்து வாழ்ந்த மக்கள். அங்கே கோடு போட்டுப் பிரிப்பதென்றால் மனிதர்களை விரட்ட வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். 1991 செப்டம்பரில் ஐ.நா. முழு யூகோஸ்லாவியாவுக்கும் ஆயுதத் தடை விதித்தது. ராணுவத்தின் ஆயுதங்கள் ஏற்கெனவே செர்பியத் தரப்பிடம் இருந்ததால், தடை அதிகம் பாதித்தது பொஸ்னிய அரசைத்தான். 1995 ஜூலையில், ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிகாவில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

செக்கோஸ்லோவாக்கியாவில் இப்படி உரிமை கோர நிலமும் இல்லை, கலந்து வாழ்ந்த பெரும் மக்கள்தொகையும் இல்லை. இரு பிரதமர்களும் பேசி முடித்தார்கள். மக்களிடம் வாக்கெடுப்புகூட நடத்தவில்லை.

எல்ட்சினைப் பெருந்தன்மையாளர் என்று எண்ணிவிட வேண்டாம். 14 குடியரசுகளைப் போகவிட்டவர்தான் 1994 டிசம்பரில் செச்னியாவுக்குள் ராணுவத்தை அனுப்பினார். சோவியத் அரசியல் சட்டப்படி செச்னியா தனிக் குடியரசு அல்ல, ரஷ்யாவுக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி. கொசோவோவும் அப்படித்தான், செர்பியாவின் ஒரு மாகாணம். குரோஷியாவுக்கு 1992இல் கிடைத்த அங்கீகாரத்தை மேற்கு நாடுகள் கொசோவோவுக்குக் கொடுக்க 2008 ஆனது.