பெயர்ச்சீட்டில் எழுதப்பட்ட மலாக்கா

மலாக்காவின் பெயர் உலகின் அறிவியல் ஏடுகளில் பல உயிர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பின்புறத்தில் சிவந்து பழுக்கும் ஜம்பு போல் மரத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் ‘சிசைஜியம் மலாக்கென்சே’. நறுமணக் கட்டை தரும் அகில் மரங்களுள் ஒன்று ‘அக்குவிலேரியா மலாக்கென்சிஸ்’. அடர்ந்த காட்டில் மறைந்து வாழும் மயிலினப் பறவை ஒன்றுக்கும் மலாக்காவின் பெயரே வாய்த்திருக்கிறது. மலாக்காவைச் சார்ந்தது என்பதே இப்பெயர்களின் பொருள். பெம்பானிலும் ஜாசினிலும் வாழும் நமக்கு இது மகிழ்ச்சி தருவதே. ஆயினும் இதே பெயர் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருந்தொல்லையும் கொடுத்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் மலாக்கா நகரில் பறவைத் தோல் வாணிகம் நடைபெற்றது. காட்டில் பிடித்த பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்தி வணிகர்களிடம் விற்பர். வணிகர்கள் அவற்றைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவர். அங்குள்ள அரும்பொருட்காட்சியகங்கள் அவற்றை விலைக்கு வாங்கிப் பெட்டிகளில் அடுக்கிவைத்தன. பறவையின் காலில் கட்டிய சீட்டில் இருந்த சொல் பெரும்பாலும் ஒன்றே: ‘மலாக்கா’. நாளும் இல்லை, பிடித்தவர் பெயரும் இல்லை. அக்காலத்து ஐரோப்பியர் தீபகற்பம் முழுவதையுமே மலாக்கா என்று அழைத்ததுண்டு. ஆகவே அப்பறவை ஜாசின் காட்டில் பிடிபட்டதா, பகாங் மலையில் பிடிபட்டதா, மலாக்காச் சந்தையில் கைமாறியதோடு சரியா என்பதை இன்று எவராலும் கூற இயலாது. தோல் இருக்கிறது, இறகின் நிறமும் கெடவில்லை. செய்தி மட்டும் போய்விட்டது.

இயற்கை வரலாற்றுக் காப்பகங்களின் பணியைப் புரிந்துகொள்ள இதுவே சிறந்த வாயில். பார்வைக்காக அழகிய பொருள்களை அடுக்கிவைப்பது அவற்றின் முதன்மையான வேலையன்று. ஓர் உயிர் எந்த இடத்தில், எந்த நாளில் இருந்தது என்பதற்குச் சான்று காப்பதே அவற்றின் வேலை. உலர்ந்த இலையும் பறவைத் தோலும் சான்றின் பாதி, பெயர்ச்சீட்டு மறுபாதி.

நம் நாட்டில் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தடித்த தாளில் ஒட்டப்பட்ட கிளை. இலை மட்டும் போதாது. பூவோ காயோ இருத்தல் வேண்டும். தாளின் ஒரு மூலையில் பெயர்ச்சீட்டு. சேகரித்தவர் பெயர், அவர் இட்ட எண், நாள், மாநிலம், ஊர், மலையாயின் உயரம், மரத்தின் உயரம், பட்டையின் தன்மை, வெட்டினால் பால் வடியுமா, பூ என்ன நிறம், ஊரார் வழங்கும் பெயர் யாது என்பனவெல்லாம் அதில் இருக்கும். பூவின் நிறத்தைத் தவறாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உலர்ந்தபின் சிவப்பும் ஊதாவும் பழுப்பாகிவிடும், மணமும் போய்விடும். ஆதலால் அவற்றைக் காட்டிலேயே, கிளையை வெட்டிய அந்த நேரத்திலேயே எழுதிவிட வேண்டும். மாலையில் கூடாரத்திற்குத் திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டால் இரண்டு மரங்கள் ஒன்றாகிவிடும். எழுதுவதற்குப் பென்சிலே ஏற்றது. மழையில் நனைந்தாலும் சாராயப் புட்டியில் இட்டாலும் பென்சில் எழுத்து கரையாது.

சேகரித்தவர் இட்ட எண் சிறு விவரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே மரத்திலிருந்து நான்கைந்து கிளைகளை எடுத்து, ஒன்றைக் கெப்போங்கிலும் ஒன்றைச் சிங்கப்பூரிலும் ஒன்றை லண்டனிலும் வைப்பது வழக்கம். அவை ஒரே மரத்தின் பிள்ளைகள் என்பதற்கு அந்த எண்ணே அடையாளம்.

பெயர்ச்சீட்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் நம் ஊர்ப்பக்கம் நடந்து சென்றவர். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டில் நான்கு ஆண்டுகள் உயிரினங்களைச் சேகரித்தார். 1852ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தாயகம் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. அவருடன் வந்த சேகரிப்பெல்லாம் எரிந்தது. பத்து நாள் படகில் மிதந்து உயிர் தப்பினார். அதே ஆண்டின் இறுதியில் அவர் லண்டனில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஆற்றின் இக்கரையில் வாழும் குரங்கு அக்கரையில் இல்லை என்பதை அவர் கண்டிருந்தார். அரும்பொருட்காட்சியகச் சீட்டுகளோ வெறுமனே ‘அமேசான்’ என்றன. எந்த ஆறு, எந்தக் கரை என்று எழுதாத சீட்டினால் பயனில்லை என்பதே அவருடைய குறை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அவர் மலாக்காவுக்கு வந்தார். ஊரில் இருவரை வேலைக்கு அமர்த்திக்கொண்டார். ஒருவர் சமையலுக்கு, மற்றவர் பறவை சுட்டுத் தோல் உரிக்க. பிறகு ஆயர் பானாஸ் சென்று தங்கினார். பெம்பான் வாசகர்களுக்கு ஆயர் பானாஸ் எங்குள்ளது என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து, அந்நாளில் ஓபிர் மலை என்று ஐரோப்பியர் அழைத்த லெடாங் மலைக்கு ஏறினார். வழியில் யானையும் காண்டாமிருகமும் விட்டுச்சென்ற தடயங்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். இன்று அந்தக் குறிப்பைப் படிக்கையில் மனம் கனக்கிறது. மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்துபோயிற்று. லெடாங் பகுதியில் அவ்விலங்கு திரிந்தது என்பதை இனி நாம் ஏடுகளிலும் சீட்டுகளிலும்தான் காண முடியும்.

அம்மலையில் வாலஸ் ‘மட்டோனியா பெக்டினேட்டா’ என்னும் பெரணிச் செடியைக் கண்டு வியந்தார். விசிறிபோல் விரிந்த இலையுடைய அதனை, இந்த ஒரு மலையில் மட்டுமே உள்ளது என்று எழுதினார். அக்காலத்துச் சான்றுகளின்படி அது சரியே. பின்னாளில் தீபகற்பத்தின் பிற மலைகளிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் அதே பெரணி, இடம் குறித்த சீட்டுகளோடு வந்து சேர்ந்தது. லெடாங்கில் மட்டுமே என்ற கருத்து மறைந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக அறிவியலில் எதுவும் நிலைத்துவிடுவதில்லை. ஒரு சீட்டு அதைத் திருத்திவிடும்.

வாலஸ் வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஊசியில் குத்தி, சிறு வட்டத் தாளில் இடப்பெயரைச் சுருக்கி எழுதி அதே ஊசியில் செருகிவைத்தார். எட்டு ஆண்டுகளில் அவர் சேர்த்தவை 1,25,660 மாதிரிகள். 1856ஆம் ஆண்டில் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குக் கடந்தபோது, இடையில் குறுகிய நீரிணை ஒன்றே இருந்தும், பறவைகள் பெரிதும் மாறிவிட்டதைக் கண்டார். ஆசிய உயிரினங்களும் ஆஸ்திரேலிய உயிரினங்களும் பிரியும் எல்லை அது. இன்று அது ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது. எந்தத் தீவு என்று எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் அந்தக் கோடு எவர் கண்ணிலும் பட்டிராது.

இனி, பெயரைப் பற்றிப் பார்ப்போம். ஊரில் வழங்கும் பெயரே போதாதா, இலத்தீன் பெயர் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வியே. மலாக்கா என்னும் பெயருக்குக் காரணமாகப் பரமேசுவரன் கதையில் வரும் மரம் நம் நெல்லி. மலாய்க்காரர் அதை மலாக்கா மரம் என்பர். நாமோ அரைநெல்லியையும் நெல்லி என்கிறோம். அதை மலாய்க்காரர் ‘செர்மாய்’ என்பர். தரையில் முளைக்கும் கீழாநெல்லியும் நமக்கு நெல்லிதான். மருந்துக்கு நெல்லி வேண்டும் என்று ஒருவர் மடல் எழுதினால் எதை அனுப்புவது? ‘பில்லாந்தஸ் எம்பிளிக்கா’ என்று எழுதினால் மலாக்காவிலும் மதுரையிலும் ஒரே மரத்தைத்தான் காட்டுவர். முதற்சொல் பேரினத்தைக் குறிப்பது. இரண்டாம் சொல் அதனுள் குறிப்பிட்ட இனத்தை. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு இம்முறையை நிலைநிறுத்தினார்.

இதனால் ஊர்ப்பெயருக்கு மதிப்பில்லை என்றாகாது. லின்னேயசுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அங்கு ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் அப்பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் அரச கழகத்தின் இதழில் வெளியிட்டார். நம் பாட்டிமார் அறிந்திருந்த பெயர்கள் முந்நூறு ஆண்டுகளாக அங்கு அச்சில் நிலைத்திருக்கின்றன.

பெம்பான் என்பதும் மலாய் மொழியில் ஒரு செடியின் பெயரே. ஈரமான நிலத்தில் வளரும் அதன் தண்டைக் கீறிக் கூடையும் பாயும் முடைவர். அதன் அறிவியல் பெயர் ‘டோனாக்ஸ் கேனிஃபார்மிஸ்’, அதாவது கல்வாழை போன்றது. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் சென்ற கியோர்க் ஃபார்ஸ்டர் அதை முதலில் வேறொரு பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். பிற்காலத்தில் கார்ல் ஷூமான் சரியான பேரினத்திற்கு மாற்றினார். ஆகவே முழுப்பெயரை எழுதும்போது ஃபார்ஸ்டர் அடைப்புக்குறிக்குள்ளும் ஷூமான் அதற்கு வெளியிலும் நிற்பார்கள். முதலில் கண்டவரின் உரிமை அழியாமலும் திருத்தியவரின் உழைப்பு மறையாமலும் காக்கும் ஏற்பாடு இது. சட்டசபைகள்கூட இவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைப்பதில்லை என்று தோன்றுகிறது.

ரப்பர் மரமும் இவ்வாறு இடம் மாறியதே. 1824இல் ‘சைபோனியா’ என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டு, 1865இல் ‘ஹீவியா’வுக்கு வந்து, ‘ஹீவியா பிரேசிலியென்சிஸ்’ ஆயிற்று. அது ஆமணக்குக் குடும்பத்தைச் சார்ந்தது; மரவள்ளியும் அதே குடும்பமே. வானளாவிய மரத்திற்கும் கொல்லையில் நிற்கும் ஆமணக்குச் செடிக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டாம். உயரத்தைப் பார்த்து உறவு சொல்வதில்லை. பூவையும் காயையும் பார்த்தே சொல்வர். முக்கூறாகப் பிரிந்து வெயிலில் வெடிக்கும் காயை இரண்டிலும் காணலாம். நெல்லியும் முன்னர் இதே குடும்பத்தில்தான் இருந்தது. அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வின் பயனாகத் தனிக்குடும்பமாகப் பிரிக்கப்பட்டது.

இவ்வாறு பெயர் மாறும்போது காப்பகத்தில் என்ன செய்வர்? பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, அடிப்பதும் இல்லை. புதிய பெயர், இனங்கண்டவர், ஆண்டு ஆகியவற்றை எழுதிய சிறு சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவர். நூறாண்டு பழைய தாளில் நான்கைந்து சீட்டுகள் அடுத்தடுத்து இருக்கக் காணலாம். ஒரு பெயரை முதன்முதலில் இட்டபோது ஆதாரமாகக் கொண்ட மாதிரிக்கு மூல மாதிரி என்று பெயர். அதைத் தனி உறையிலிட்டுக் காப்பர். பெயரில் ஐயம் எழுந்தால் இறுதியில் அதனிடமே செல்ல வேண்டும்.

நம் பிழைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பால் வெட்டும் தோழர்கள் கேட்கலாம். அமேசான் காட்டில் எர்ன்ஸ்ட் ஊலே என்னும் ஜெர்மானியர் நோயுற்ற ரப்பர் இலைகளைச் சேகரித்தார். அவற்றிலிருந்த பூசணத்தை பெர்லின் நகரில் பால் ஹென்னிங்ஸ் ஆராய்ந்து, 1904ஆம் ஆண்டில் ஊலேயின் பெயரையே அதற்கு இட்டார். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய்க்குக் காரணம் அதுவே. 1928ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய பெருந்தோட்டத்தை அந்நோய் சீரழித்தது. ஆசியாவில் அது இதுவரை பரவவில்லை. நம் மரங்களில் இலை கருகி உதிர்ந்தால், அது நாம் அறிந்த இலையுதிர் நோயா, அந்தக் கொடிய நோயா என்று உறுதிசெய்யப் பூசணத்தை உருப்பெருக்கியில் பார்த்து, பெயர் உறுதியான மாதிரிகளோடும் விவரங்களோடும் ஒப்பிட வேண்டும். 2017 முதல் நம் நாட்டில் பெஸ்டலோடியாப்சிஸ் எனப்படும் இலையுதிர்வு கண்டறியப்பட்டிருக்கிறது. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் யாருடைய கூலி குறையும் என்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

நாற்றுமேடையிலும் இதே கதைதான். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது ஜிர் 1, பி.பி. 86 ஆகிய இரண்டின் கலப்பில் பிறந்தது. ஒட்டுக்கன்றாக இருக்கையில் ஒரு வகைக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு காண்பது பயிற்சியில்லாத கண்ணுக்கு அரிது. மொட்டுக்கிளைக் கட்டில் தொங்கும் சீட்டு மாறிவிட்டால் பிழை உடனே தெரியாது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வெட்டுக்கு வந்து, ஒரு நிரையில் சில மரங்கள் மட்டும் பால் தராதபோதுதான் தெரியும். அப்போது வெட்டியெறிய வேண்டியது சீட்டையன்று, மரத்தை.

வெட்டுக்காட்டில் வழக்கமில்லாத முறையில் இலை உதிர்வதைக் கண்டால், புதிதாக நோய் கண்ட இலைகள் சிலவற்றைக் காம்போடு எடுத்துச் செய்தித்தாள் மடிப்பில் வையுங்கள். நெகிழிப் பையில் ஈரத்தோடு கட்டிவைத்தால் வேறு பூசணம் ஏறி, ஆராய்வோரை ஏமாற்றும். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் நாள், தோட்டம், வெட்டுக்காட்டின் எண், நிரை, மரவகை, நட்ட ஆண்டு, இளந்தளிரா முற்றிய இலையா, எத்தனை மரங்களில் கண்டீர்கள் என்பவற்றை எழுதி, உங்கள் பெயரையும் சேர்த்து அந்த மடிப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வெளியே ஒட்டிய தாள் உதிர்ந்துபோகும். பிறகு அதைத் தோட்ட அலுவலகத்திலோ மலேசிய ரப்பர் வாரியத்தின் அலுவலரிடமோ ஒப்படைக்கலாம். அந்த இலைகளை வேறு தோட்டத்து நண்பருக்குக் காட்ட எடுத்துச் செல்ல வேண்டாம்.