எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டைப் படிச்ச நாள்ல இருந்து வலி கூடிப்போச்சு

தூக்கத்தைப் பத்தின எபிசோடில் "எனக்கு முதுகுவலி, அதை இன்னொரு நாள் சொல்றேன்"னு போற போக்கில் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ் பாதிக்கு மேல ஒரே மாதிரி. ஒரு எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டோட போட்டோ, கீழே "ப்ரோ, இது சீரியஸா?" நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், டாக்டர் இல்லை. உங்க ஸ்கேனைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கேள்வியை நானும் ஒரு வருஷம் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சவன்.

சென்னையில் ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்த காலம். பிளாஸ்டிக் சேர், பத்து மணி நேரம். இடுப்புக்குக் கீழ ஒரு வலி வந்துச்சு, மூணு மாசம் தாண்டியும் போகலை. மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா அதை நாள்பட்ட வலின்னு சொல்றாங்க. ஸ்கேன் எடுத்தேன். "எல்4-எல்5 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், டிஸ்க் டெசிகேஷன், தீக்கல் சாக் இன்டென்டேஷன்." டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்தார். "குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, பெல்ட் போடுங்க." அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி ஒவ்வொரு வார்த்தையா தேடிப் படிச்சேன். வயசு 27, என் முதுகு காய்ஞ்சு பிதுங்கிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் ஷூ லேஸ் கட்ட பயம், கிரிக்கெட் நின்னுபோச்சு. பொதிகை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த் கிடைச்சா, கீழ இருக்கிற பெரியவர்கிட்ட மாத்திக்கலாமான்னு கேட்டிருக்கேன். அவருக்கு எப்படியும் அறுபது இருக்கும். ஒண்ணும் சொல்லாம மேல ஏறிப் படுத்துட்டார்.

ஊருக்கு வந்தா இன்னும் மோசம். எங்க ஊர் சோழபுரம். அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல நின்னு வேலை பார்த்தவங்க. அவங்களுக்கும் இடுப்பு வலிக்கும், தைலம் தேய்ச்சுக்கிட்டு ஷிஃப்டுக்குப் போவாங்க, ஸ்கேன் எடுத்ததே இல்லை. தண்ணிக் குடத்துப் பக்கம் நான் போனா, "எய்யா, நீ குனியாத, நான் தூக்குறேன்"னு அவங்க தூக்குவாங்க. பெல்ட்டைக் கட்டிக்கிட்டு நான் பார்த்துக்கிட்டு நிப்பேன்.

அங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. என் டிஸ்க்கே இப்படின்னா, அம்மா டிஸ்க் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியில் ஓரளவு பதில் இருக்கு. 1994-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்துச்சு. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தாங்க. 52 சதவீதம் பேருக்குக் குறைஞ்சது ஒரு இடத்திலயாவது டிஸ்க் பல்ஜ். 2015-ல் இது மாதிரி 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. வலி இல்லாத 20 வயசுக்காரங்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயசில் 96 சதவீதம். வலி இல்லாதவங்களுக்கு, அதைக் கவனிங்க. நம்ம பாஷையில் சொன்னா, ஒழுங்கா ஓடுற கோடைக் கம்பைல் பண்ணினாலும் நூறு வார்னிங் வரும். ஆப் கிராஷ் ஆனதுக்கு அதில் ஒண்ணுதான் காரணம்னு பார்த்ததும் சொல்லிட முடியாது.

ஆனா என்னை உண்மையிலேயே உட்கார வெச்சது நம்ம ஊர் ஆய்வுதான். கோயம்புத்தூர் கங்கா ஹாஸ்பிடல், டாக்டர் எஸ். ராஜசேகரனோட குழு, 2021-ல் ஐரோப்பிய ஸ்பைன் ஜர்னலில் வந்தது. நாள்பட்ட இடுப்புவலி இருக்கிற 44 பேரைக் குலுக்கல் முறையில் ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ரிப்போர்ட்டில் இருக்கிறதை அப்படியே விளக்கினாங்க. இன்னொரு குழுவுக்கு, "ஸ்கேன் நார்மல், வயசுக்கேத்த சாதாரண மாற்றம்தான்"னு தைரியம் சொன்னாங்க. தொடக்கத்தில் ரெண்டு குழுவுக்கும் வலி ஒப்பிடற மாதிரிதான் இருந்துச்சு. ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா, ரிப்போர்ட்டை அப்படியே கேட்டவங்களுக்கு வலி குறைஞ்சது கம்மி, தன் முதுகைப் பத்தின பயம் ஜாஸ்தி, நடமாட்டமும் மோசம்.

அதோட விடலை. பயமுறுத்துற வார்த்தைகளைத் தவிர்த்து ரிப்போர்ட் எழுத வேற ஒரு முறை உருவாக்கினாங்க. 20 ஸ்கேனைப் பழைய மாதிரியும் புது மாதிரியும் எழுதி, எது எதுன்னு சொல்லாம மருத்துவத் துறை ஆட்கள்கிட்ட படிக்கக் கொடுத்தாங்க. புது மாதிரி எழுதினதைப் படிச்சப்போ, நாலு பிரிவில் மூணு பிரிவினர் நோயைக் குறைவா மதிப்பிட்டாங்க, ஆபரேஷன் வேணும்னு நினைச்சதும் குறைஞ்சது. ஒரே படம், வேற வார்த்தை! பயம் நமக்கு மட்டும் இல்லை போல. 44 பேர் சின்ன எண்ணிக்கைதான், அதையும் சொல்லிடறேன். ஆனா என் ஒரு வருஷத்தை யாரோ எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சு.

அப்போ வலி பொய்யா? இல்லவே இல்லை. வலி நிஜம். தசையும் தசைநாரும் பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிடும். சிலருக்கு அதுக்கப்புறமும் நரம்பு மண்டலம் உஷாராவே இருக்கும். தெருவில் நிற்கிற பைக்கோட அலாரம் பூனை உட்கார்ந்தாலே கத்துமே, அது மாதிரி. தூக்கம் கெட்டா, பயந்தா, அசையாம இருந்தா அது இன்னும் கூடும். நான் மூணையும் சேர்த்தே பண்ணிக்கிட்டிருந்தேன்.

சில விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போறது, தொடை இடுக்கு மரத்துப்போறது, கால் பலவீனமாகறது இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்னாடி புற்றுநோய் இருந்தது, பெரிய அடி, இதெல்லாம் இருந்தாலும் தள்ளிப்போடாதீங்க. இன்னொண்ணு, நம்ம வயசுக்காரங்க அதிகம் கோட்டைவிடறது: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல முதுகு இறுகியிருக்கு, ரெஸ்ட் எடுத்தா கூடுது, நடந்தா குறையுது, ராத்திரி பாதியில் எழுப்புதுன்னா, ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸா இருக்கலாம். அதுக்கு நல்ல மருந்து இருக்கு, ஆனா வருஷக்கணக்கில் "சேர் சரியில்லை"ன்னு சொல்லியே கண்டுபிடிக்காம விட்டுடறாங்க.

எனக்கு இதில் எதுவும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னைக் குனிய வெச்சு, காலைத் தூக்க வெச்சு, பாதத்தைத் தொட்டுப் பார்த்து முழுசா பரிசோதிச்சாங்க. கடைசியாத்தான் ரிப்போர்ட்டை வாங்கினாங்க. "தம்பி, முதல்ல அந்தப் பெல்ட்டைக் கழட்டுங்க." 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையேதான் சொல்லுது: நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமா பெல்ட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம், உடற்பயிற்சியும் வலியைப் பத்தின விளக்கமும் கொடுங்கன்னு.

அவங்க கொடுத்தது சாதாரண விஷயம்தான். தினம் நடை, முதல் வாரம் பத்து நிமிஷம். ரெண்டு கிலோ அரிசிப் பையைக் குனிஞ்சு எடுத்து வைக்கறது, அப்புறம் அஞ்சு கிலோ. முதல் நாள் கை நடுங்கினது உண்மை. 2024-ல் லான்செட்டில் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலி சரியான 701 பேரில் நடைப்பயிற்சிக் குழுவுக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆச்சு, மத்தவங்களுக்கு 112. வராமலே போகும்னு அதுவும் சொல்லலை.

எனக்கும் போகலை. போன மாசம் பொதிகையில் அப்பர் பெர்த். ஏறிப் படுத்துட்டேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது இறங்கினா இடுப்பு பிடிச்சிருந்துச்சு. ராஜபாளையத்தில் பையைத் தோளில் போட்டு நடந்தேன், பத்து நிமிஷத்தில் விட்டுடுச்சு. வீட்டில் குடம் காலியா இருந்தது. எடுத்துக்கிட்டுக் குழாய்க்குப் போனேன். அம்மா வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தாங்க, "பார்த்து, பார்த்து"ன்னு.