வடிகட்டிக் காப்பி

வடிகட்டிக் காப்பி அல்லது பில்ட்டர் காப்பி என்பது, வறுத்து அரைத்த காப்பித் தூளின் ஊடாக வெந்நீரைத் தானாக வடியவிட்டுப் பெறும் செறிவான வடிநீரைக் காய்ச்சிய பாலுடன் கலந்து அருந்தும் தென்னிந்தியப் பானம் ஆகும். இவ்வடிநீர் பேச்சு வழக்கில் டிகாக்சன் எனப்படுகின்றது. காப்பிக்குக் குளம்பி என்ற தமிழ்ச் சொல்லாக்கம் உண்டு; ஆயினும் மயிலாப்பூர் மாட வீதிகளில் குளம்பி கேட்பவரைக் காண்பது அரிது.

வரலாறு

17 ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி ஞானி யேமனில் இருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொணர்ந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்மகளூர் மலைகளில் விதைத்தார் என்பது மரபு வழிச் செய்தி. தமிழ் நடுத்தர வகுப்பினரின் வீடுகளில் இப்பானம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே பரவியது. காலையில் நீராகாரம் அருந்தும் வழக்கத்தைக் காப்பி ஒழித்துவிட்டது என அக்காலத்தில் கண்டனங்களும் எழுந்தன. இம்மாற்றத்தை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்ற நூலில் ஆராய்ந்துள்ளார்.

தூளும் சிக்கரியும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் கொட்டையை வறுத்து, வாங்குபவர் கேட்கும் விகிதத்தில் அரைத்துத் தரும் கடைகள் உள்ளன. பிளாண்டேஷன் ஏ, பீபெரி ஆகியவை அங்கு அதிகம் கேட்கப்படும் வகைகள். அராபிகா நறுமணம் மிக்கது. ரோபஸ்டா கசப்பும் கனமும் உடையது. அதில் காஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு.

சிக்கரி என்பது காப்பி அன்று. அது ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்து அரைத்த தூள். அதில் காஃபீன் இல்லை. நீரில் எளிதில் கரைவதால் வடிநீருக்குக் கருநிறமும் கொழகொழப்பும் தருகின்றது. 80:20 அளவிலான கலவையைப் பலர் விரும்புகின்றனர். சிக்கரி கூடினால் வடிநீர் திடமாகத் தோன்றும். ஆனால் காப்பியின் மணம் குறையும். திடமான தோற்றத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொள்வது இதனால் தவறாகின்றது. சிக்கரி காப்பியை விட மலிவானது என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்திய உணவுச் சட்ட விதிகளின்படி, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது. இரண்டின் விழுக்காடும் உறையில் குறிக்கப்பட வேண்டும். வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு குவளைத் தண்ணீரின் மேல் சிறிது தூளைத் தூவினால் காப்பி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் நிறக்கோடு விட்டபடி கீழே இறங்கும். கலப்பு உண்டா என்பதை இது காட்டும். எவ்வளவு என்பதைக் காட்டாது.

வடிநீர் தயாரித்தல்

வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இரு பாத்திரங்களால் ஆனது. மேல் பாத்திரத்தின் அடியில் நுண்துளைகள் உண்டு. தூளின் மேல் வைக்கும், காம்புடன் கூடிய துளைத்தட்டு குடை எனப்படும்.

நால்வருக்கு ஏறத்தாழ 35 கிராம் தூளும் 200 மில்லி லிட்டர் நீரும் போதுமானவை. தூளைச் சமமாகப் பரப்பிக் குடையால் மெல்ல அமர்த்த வேண்டும். அழுத்திவிட்டால் நீர் இறங்காது. அமர்த்தாமல் விட்டால் நீர் தனக்கென ஒரு வழியை ஏற்படுத்திக்கொண்டு விரைந்து ஓடிவிடும். வடிநீர் வெளிறிப் போகும். தூள் மாவு போல் நைசாக இருந்தாலும் துளைகள் அடைபடும்.

கொதித்து அடங்கிய நீரில் சிறிதளவை முதலில் வட்டமாக ஊற்றி அரை நிமிடம் விட வேண்டும். புதிதாக வறுத்த தூளில் தங்கியுள்ள கரியமில வாயு இப்போது வெளியேறித் தூள் உப்பும். பின்னர் எஞ்சிய நீரை ஊற்றி மூட வேண்டும். வடிந்து முடிய அரை மணி நேரம் வரை ஆகலாம். அவசரத்தில் வடிகட்டியைத் தட்டுவது நுண்துகள்களைக் கீழே இறக்குமே அன்றிப் பயன் தராது. அதே தூளில் மீண்டும் நீர் ஊற்றிப் பெறும் இரண்டாம் வடிநீர் நீர்த்தது. விருந்தினருக்கு அதைத் தருவது மரபன்று.

எசுப்பிரெசோவில் ஏறத்தாழ 9 வளிமண்டல அழுத்தம் செய்யும் வேலையை இங்குப் புவியீர்ப்பும் நேரமும் செய்கின்றன. அண்மைக் காலத்தில் நகரங்களில் பரவியுள்ள சப்பானிய மாட்சாவில் தேயிலைத் தூள் முழுவதும் உட்கொள்ளப்படுவதால், அதைச் சலித்து மூங்கில் மத்தால் அடித்துக் கட்டிகளைக் கரைக்க வேண்டியுள்ளது. வடிகட்டிக் காப்பியிலோ தூள் மேலேயே தங்கிவிடுகின்றது.

பால் கலத்தல்

ஆவினின் ஆரஞ்சு நிற உறைப் பாலில் 6 விழுக்காடும், நீல நிற உறைப் பாலில் 3 விழுக்காடும் கொழுப்பு உண்டு. முன்னதில் காப்பி வழவழப்பாக அமையும். பாலில் நீர் சேர்ப்பதில்லை; ஆடையை நீக்கிவிட வேண்டும். வடிநீரை அடுப்பில் கொதிக்க வைத்தால் மணம் போய்க் கசப்பு ஏறும். ஆறிய வடிநீரை வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்கலாம்.

டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே உயர்த்தி ஆற்றுவது சூட்டைத் தணிப்பதுடன் காற்றையும் கலக்கின்றது. நுரையைத் தாங்குவன பாலில் உள்ள புரதங்கள்.

டிகிரி காப்பி என்ற பெயருக்குப் பால்மானியில் பாலின் தரத்தை அளந்த வழக்கு, சிக்கரி என்ற சொல்லின் திரிபு, முதல் வடிநீர் என மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. கும்பகோணத்தாரின் கலப்பில்லாப் பால் பற்றிய பெருமிதத்தோடு முதலாவது நன்கு பொருந்துகின்றது.

பராமரிப்பு

காப்பி சற்று அமிலத்தன்மை உடையது. ஆகவே பித்தளை வடிகட்டியின் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருக்க வேண்டும்; பூச்சு தேய்ந்ததைப் பயன்படுத்தலாகாது. எவர்சில்வர் வடிகட்டியின் துளைகள் அடைபட்டால், மேல் பாத்திரத்தின் அடியைச் சில நொடிகள் தீயில் காட்டுவர். படிந்த தூள் கருகி உதிர்ந்துவிடும்.