இழையை நிறுத்தும் முறை

சி என்னும் கணினி மொழியிலே, ஒரு நிரல் ஒரே காலத்தில் பல வேலைகளைச் செய்யும்பொருட்டு அதனைத் திரெட் எனப்படும் இழைகளாகப் பிரித்தல் வழக்கம். இவ்விழைகளுக்குரிய விதிகளை 1995ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமம் வகுத்துரைத்தது. இழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பொதுவிற் கொண்டவை. ஆதலின் ஓரிழை நடுவில் நிற்குமாயின், விளையுங் கேடு அதனோடு ஒழிவதில்லை.

எங்ஙனமெனின், ஓரிழை பொதுக் கணக்கொன்றைத் திருத்தும்பொருட்டு மியூடெக்ஸ் என்னும் பூட்டைப் பூட்டிக்கொண்டது என்க. திருத்தம் முடியுமுன் அவ்விழை மாய்ந்தால், சாதாரணப் பூட்டு பூட்டியபடியே கிடக்கும். அதனை வேண்டும் ஏனைய இழைகள் முடிவின்றிக் காத்திருக்கும். நிரல் உயிரோடிருந்தும் அசைவற்றதாகும்.

இக்கேட்டினை விலக்க மூன்று ஏற்பாடுகள் உள. முதலாவது, பித்ரெட் கான்ஸல் என்பது கொலையன்று, வேண்டுகோளே. இயல்பான நிலையில், வேண்டுகோள் பெற்ற இழை உடனே நிற்பதில்லை. உள்ளீட்டுக்குக் காத்திருத்தல், உறங்குதல் முதலிய குறித்த இடங்களை அடைந்தபோதே நிற்கும். நீண்ட கணக்கில் மூழ்கி அவ்விடங்களை அடையாத இழையில், பித்ரெட் டெஸ்ட்கான்ஸல் என்பதை இடையிடையே அமைத்தல் வேண்டும். எந்நொடியிலும் நிற்கவல்ல வேறொரு முறையும் உண்டு. அம்முறையில், நினைவகம் வாங்கும் மாலக் என்பதன் நடுவிலும் இழை முறியக்கூடும். ஆதலின் எதனையும் பெறாத வெறுங் கணக்கிற்கன்றி அது தகாது.

இரண்டாவது, துப்புரவைப் பதிவு செய்தல். பூட்டியவுடனே, திறத்தற்குரிய சார்பைப் பித்ரெட் க்ளீனப் புஷ் என்பதனாற் பதிதல் வேண்டும். பூட்டுதல் நிற்குமிடங்களுள் ஒன்றன்று. எனவே இயல்பான நிலையில் இவ்விரண்டிற்கும் இடையே இழை நிற்குமென்னும் அச்சமில்லை. இழை நிற்குங்கால், பதிந்தவை பின்னிருந்து முன்னாக நடைபெறும். இறுதியிற் பெற்றது முதலில் விடப்படும். வேலை இனிது முடியின், க்ளீனப் பாப் என்பதற்கு 1 என்னும் எண்ணைக் கொடுக்க, அதே சார்பு பூட்டைத் திறக்கும். புஷ்ஷும் பாப்பும் ஒரே தொகுதிக்குள் இணையாக அமைதல் வேண்டும். இடையே ரிட்டர்ன் கொண்டு வெளியேறல் ஆகாது.

மூன்றாவது, நடுவில் விடவொண்ணாத சிறு வேலை வருங்கால், வேண்டுகோளை ஏற்காதவாறு இழையை அமைத்து, முடிந்ததும் பழைய நிலைக்கு மீட்டல்.

வேண்டுகோள் விடுத்தவரும் அவ்வளவில் அமைதல் கூடாது. பித்ரெட் ஜாயின் என்பதனால் இழை முடிந்ததை அறிந்த பின்னரே, அது பயன்படுத்திய நினைவகத்தை விடுவித்தல் வேண்டும்.

பெறும்பொழுதே விடும் வழியையும் வகுத்துக்கொள்ளுதல் இம்முறையின் சாரமாம். இதனைக் கைக்கொண்டோர் எழுதும் நிரல், ஓரிழை இடையில் நின்றவிடத்தும் பிறவற்றிற்கு இடையூறின்றி நடைபெறும்.