தேய்ந்த பெல்ற் சொல்லும் சாட்சி

எய்தவன் இருக்க அம்பை நோவதால் பயனில்லை என்பார்கள் நம் பெரியவர்கள். மண்கும்பானில் ஒரு பழைய லொறி இந்தப் பழமொழியை எமக்குப் புதிதாகக் கற்றுத் தந்தது. வாகனமோ இயந்திரமோ வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, அல்லைப்பிட்டியைக் கடந்து வேலணைத் தீவுக்குள் செல்லும் வீதியில் மண்கும்பான் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே மண் இருக்கிறது. அந்த வெண்மணலுக்கு அடியில்தான் நல்ல தண்ணீரும் இருக்கிறது. 1990இல் யுத்தம் தீவகத்துக்குள் வந்தபோது மக்கள் வீட்டையும் கிணற்றையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். பல வருடங்களின் பின் திரும்பி வந்தவர்களுக்குத் தோட்டம் செய்யும் கை மறந்துவிடவில்லை. ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி இருக்கவில்லை.

சில குடும்பங்கள் பணம் சேர்த்துப் பழைய லொறி ஒன்றை வாங்கின. வெங்காயமும் மரக்கறியும் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும். திரும்பும்போது எருவும் விதையும் கூரைத் தகடும் வரும். நன்றாகத்தான் ஓடியது, ஒரு சோளகம் தொடங்கும் வரை.

மூன்று பெல்ற்றுகளும் ஒரு சந்தேகமும்

அந்தச் சோளகத்துக்குள் மூன்று பான் பெல்ற்றுகள் போயின. மூன்றாவது அறுந்தது விடியற்காலையில், பண்ணைப் பாலத்தின் நடுவே, லொறி நிறைய மரக்கறியுடன். எஞ்சின் கொதித்தது. இன்னொரு வண்டி கிடைத்துச் சாமான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அன்று கிடைத்த காசு வண்டிக் கூலிக்கே போதவில்லை.

அடுத்த ஞாயிறு கூடிய கூட்டத்துக்கு நாமும் போயிருந்தோம். முதலில் லொறியைக் குறை சொன்னார்கள். பிறகு மணலை. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு சாரதியிடம் திரும்பியது. புதுப் பெல்ற்றுக்குக் காசு வாங்கிப் பழையதைப் போடுகிறார் என்றார் ஒருவர். தன் பங்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றார் இன்னொருவர். சாரதியும் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பிய பிள்ளைதான். ஒன்றும் பேசாமல் நின்றார்.

வாங்கின் ஓரத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். 1990 முதல் 1995 வரை குடாநாட்டுக்குள் பெற்றோலுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை இருந்த காலத்தில், துளிப் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, பழைய பெல்ற்றுகளை எறிஞ்சு போட்டீரோ?”

“இல்லை ஐயா. சீற்றுக்குப் பின்னாலை கிடக்கு.”

“மூண்டையும் எடுத்து வாரும்.”

கூட்டம் லொறியடிக்கு நகர்ந்தது. உண்மையான விசாரணை அங்கேதான் தொடங்கியது.

பெல்ற் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினின் முன்புறத்தில் ஒரு கப்பி சுழல்கிறது. அந்தச் சுழற்சியை நீர்ப்பம்புக்கும் காற்றாடிக்கும் பற்றறிக்கு மின் ஊட்டும் ஆல்ரனேற்றருக்கும் கொண்டுபோவது பான் பெல்ற். அது அறுந்தால் றேடியேற்றர்த் தண்ணீர் சுற்றாது. எஞ்சின் சில நிமிடங்களில் கொதிக்கும். நிறுத்தாமல் ஓட்டினால் எஞ்சினின் மேற்தலை வளைந்து, சிறிய செலவு பெரிய செலவாகிவிடும். சிவப்பு மின்விளக்கு எரிந்து, வெப்பமானியின் முள்ளும் ஏறினால், அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

முன்னாளில் இயந்திரங்களைத் தோல் பட்டியாலும் கயிற்றாலும் சுழற்றினார்கள். பின்னர் இறப்பரும் நூலும் சேர்த்துச் செய்த, மேலே அகன்று கீழே ஒடுங்கிய பெல்ற் வந்தது. அதன் வடிவம் ஓர் ஆப்பு. மரத்தில் ஆப்பு இறுகுவதுபோல் கப்பியின் பள்ளத்தில் பெல்ற்றின் இரண்டு பக்கங்களும் இறுகுகின்றன. பிடிப்பு முழுவதும் பக்கங்களில்தான். பெல்ற்றின் அடி பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது.

கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். கப்பி நேராகத் தொங்கினால் கயிறு வருடக்கணக்கில் நிற்கும். கப்பி சரிந்திருந்தால் புதுக் கயிறும் ஒரு பக்கம் பிசிறும். அப்போது நாம் கயிறு விற்ற கடைக்காரரைக் குறை சொல்வதில்லை, கப்பியைத்தான் நிமிர்த்துகிறோம். லொறிக்கும் இதே நியாயந்தான்.

சாட்சி சொன்னது என்ன?

பெரியவர் மூன்று பெல்ற்றுகளையும் துடைத்து வெயிலில் பிடித்தார். மூன்றிலும் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்து நூல் தெரிந்தது. மற்றப் பக்கம் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. “பழைய பெல்ற்றைப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் தேய்ஞ்சிருக்கும். இது புதிசாய்ப் போட்டு, கோணலாய் ஓடின பெல்ற்” என்றார். சாரதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மணலில்தான் குற்றம் என்று சொன்னவர்கள் விடவில்லை. சோளகக் காற்றில் மணல் பறக்கிறது, அது தேய்க்கிறது என்றார்கள். பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் அதே ஒழுங்கையில் நிற்கும் வேறொரு லொறியின் பெல்ற் இரண்டு வருடமாக மாறவில்லை என்பதை நினைவுபடுத்தினார். மணல் இரண்டுக்கும் பொது. ஆகவே இந்த லொறியில் மட்டும் உள்ள குறையைத் தேட வேண்டும்.

மேசன்மார் நூல் பிடிப்பதுபோல், எஞ்சின் கப்பியின் பள்ளத்துக்கு நேராக ஆல்ரனேற்றர் கப்பி வரை நூல் பிடித்தார். ஆல்ரனேற்றர் கப்பி ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் பின்னுக்கு நின்றது. கப்பிகளுக்கிடையே ஓர் அடித் தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் விலகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. சாரதிக்கு உடனே நினைவு வந்தது. சோளகத்துக்குச் சற்று முன்னர்தான் ஒரு கராச்சில் வேறு ஆல்ரனேற்றர் பூட்டினார்கள். பழையதைக் கழற்றியபோது இருந்த தடித்த வாஷர் திரும்பப் போடப்படவில்லை.

கோணலாக ஓடிய பெல்ற் பள்ளத்தின் ஒரு சுவரில் உரசியது. பறந்து வந்த மணல் அந்த உரசலில் அரத்தாள் போல வேலை செய்தது. அதனால் கப்பியின் சுவரும் குழிந்துவிட்டது. வாஷரை மட்டும் போட்டிருந்தால் நான்காவது பெல்ற்றும் குழிந்த சுவரில் போயிருக்கும். கப்பியையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தபின் போட்ட பெல்ற், அடுத்த சோளகம் முழுவதும் ஓடியது.

அடையாளங்களும் காரணங்களும்

உங்கள் பெல்ற் அடிக்கடி போனால், கழற்றியதை எறியுமுன் நன்றாகப் பாருங்கள்.

1. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால்: கப்பிகள் நேரில்லை, அல்லது நீர்ப்பம்பின் பெயரிங் தேய்ந்து கப்பி ஆடுகிறது.

2. இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் மினுங்கி இறுகியிருந்தால்: பெல்ற் வழுக்கி ஓடியிருக்கிறது. தளர்வு, எண்ணெய், அல்லது சுழலாமல் இறுகிய பெயரிங் காரணமாகலாம்.

3. ஊதி, மெதுவாகி, பிசுபிசுத்தால்: எஞ்சின் ஒயில் அல்லது டீசல் ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் புதுப் பெல்ற் போடுவது வீண்.

4. உட்பக்கம் குறுக்கே வெடித்திருந்தால்: வெப்பமும் வயதும். மாற்றும் காலம் வந்துவிட்டது.

5. அடி மினுங்கினால்: கப்பியின் பள்ளம் குழிந்துவிட்டது, அல்லது பெல்ற் ஒடுக்கமானது. கடையில் நீளத்தை மட்டும் பார்க்காமல் அகலத்தையும் இலக்கத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

6. தேய்வு எதுவும் இல்லாமல் திடீரென்று அறுந்தால்: பூட்டும்போது ஸ்குறூ றைவரால் நெம்பி ஏற்றியதில் உள்நூல் அறுந்திருக்கலாம். ஆல்ரனேற்றர் போல்ற்றைத் தளர்த்திக் கையால் மாட்டுவதே முறை.

பிந்திய வாகனங்கள் பலவற்றில் பல வரிகள் கொண்ட தட்டையான பெல்ற் இருக்கிறது. அதில் பயன்படும் புதுவகை இறப்பர் வெடிப்புக் காட்டாமலே தேயும். அதை வெடிப்பை வைத்து மதிக்காமல், வரிகளின் பள்ளம் எவ்வளவு அகன்று ஆழமாகிவிட்டது என்பதை வைத்து மதிக்க வேண்டும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

முதலில் எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுங்கள். எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள். பிறகு இரண்டு கப்பிகளுக்கு இடையே மிக நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். பழைய வகைப் பெல்ற் ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போகலாம். வாகனத்தின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதற்கு மேல் போனால் தளர்வு. அசையவே இல்லையென்றால் அளவுக்கு மிஞ்சிய இறுக்கம். அது நீர்ப்பம்பினதும் ஆல்ரனேற்றரினதும் பெயரிங்கைத் தின்னும்.

அடுத்து பெல்ற்றைக் கழற்றி ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆட்டினால் ஆடினாலோ பெயரிங்கைக் கவனியுங்கள். பள்ளத்தின் சுவரை விரலால் தடவுங்கள். சுவர் நேராக இருக்க வேண்டும், குழிந்திருக்கக்கூடாது. கடைசியாக நூல் பிடித்துப் பள்ளங்கள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

புதுப் பெல்ற் முதல் ஓட்டத்தில் சற்று நீண்டு கொடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆறியபின் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் வாரமும் இன்னொரு தடவை பாருங்கள். பலர் இந்த ஒரு வேலையை மறப்பதால்தான் நல்ல பெல்ற்றும் வழுக்கிக் கருகுகிறது.

பெல்ற் கீச்சிட்டால் சவர்க்காரம் பூசுவதும் குங்கிலியம் தூவுவதும் ஊரில் உள்ள வழக்கம். சத்தம் சிறிது நேரம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். பூசிய பசையில் மணல் ஒட்டி, தேய்வு இரட்டிப்பாகும்.

லாண்ட்மாஸ்டரிலும் இதே பாடம்

லொறி இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். லாண்ட்மாஸ்டரில் எஞ்சினின் வலுவைப் பின்னுக்குக் கொண்டுபோவது இதே ஆப்பு வடிவப் பெல்ற்றுகள்தான். இரண்டு மூன்று பெல்ற்றுகள் சேர்ந்து ஓடும் இயந்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியதே பாரம் முழுவதையும் தாங்கிச் சீக்கிரம் போய்விடும். நெல்லுக்குற்றும் ஆலைக்கும் இதுவே விதி.

ஓடும் பெல்ற்றுக்குக் கிட்ட சாரம், சேலைத் தலைப்பு, அவிழ்த்த கூந்தல் எதுவும் போகக்கூடாது. மறைப்புத் தகட்டைக் கழற்றினால் வேலை முடிந்தவுடன் திரும்பப் பூட்டுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

ஒரு கொப்பியும் ஓர் ஆணியும்

மண்கும்பான் லொறிக் குழு அன்று இரண்டு முடிவுகள் எடுத்தது. ஒன்று, வண்டியில் ஒரு கொப்பி வைப்பது. எந்தப் பாகம் எந்தத் திகதியில் மாறியது, யார் பூட்டினார்கள், அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எழுதுவது. அந்தக் கொப்பி முன்பே இருந்திருந்தால், ஆல்ரனேற்றர் மாறிய திகதிக்குப் பிறகே பெல்ற்றுகள் போயின என்பது முதல் பெல்ற்றோடு தெரிந்திருக்கும். மற்றது, கழற்றிய பாகத்தைக் குழுவிடம் காட்டாமல் எறிவதில்லை என்பது.

கூட்டாகச் செய்யும் தொழிலில் பாகம் தேய்வதைவிட நம்பிக்கை தேய்வது கெடுதி. எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்களுக்கு ஒருவரையொருவர் சந்தேகிக்க அதிக நேரம் வேண்டியதில்லை. ஒரு பெல்ற் அறுந்ததற்காக ஒரு பிள்ளையின் பெயர் கெட இருந்தது. லொறியும் விலைப்பட இருந்தது. ஆளைக் கேட்குமுன் பொருளைக் கேட்டதால் இரண்டும் தப்பின.

அந்த மூன்று பெல்ற்றுகளும் லொறிக் கொட்டிலின் பனங்கப்பில் ஓர் ஆணியில் தொங்குகின்றன. தொங்கவிட்டவர் சாரதிதான். புதிதாக வாகனம் பழக வரும் பிள்ளைகளிடம் அவர் முதலில் அவற்றைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கேட்கிறார்.