செவியும் மிடறும்

திருமுறைப் பாடல்கள் பண்ணோடு பாடப்படற்குரியன என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும், திருக்கோயில்களில் அடியார் பலர் கூடிப் பாடுங்கால், அன்பு நிறைந்த குரலும் சுருதியினின்று விலகி ஒலித்தல் உண்டு. அங்ஙனம் விலகுவோரிற் சிலர், தம் மிடறு இசைக்கு உதவாதென்று எண்ணி வாளா இருந்துவிடுகின்றனர். வேறு சிலர், அன்பு ஒன்றே அமையும், சுருதி எற்றுக்கு என்பர். இவ்விரண்டும் பொருந்தா. சுரவேறுபாட்டைப் பிறவியிலேயே உணரமாட்டாதார் மிகச் சிலரே. ஏனையோர் தம் மிடற்றைச் செவியால் நெறிப்படுத்திக் கொள்ளலாம். செவியோ பயிற்சியால் திருந்துவது. சுருதி என்னும் சொல்லுக்கே கேட்கப்படுவது என்பது பொருளாதல் ஈண்டுக் கருதத்தக்கது.

ஒலியாவது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் நிகழும் அதிர்வு மிகுமாயின் சுரம் உயரும், குறையுமாயின் தாழும். ஒருவர் தம் ஆதார சட்சத்தை நொடிக்கு 240 அதிர்வுடையதாகக் கொள்வாராயின், சுத்த மத்திமம் 320, பஞ்சமம் 360, மேற்சட்சம் 480 அதிர்வுடையனவாம். இவை ஆதாரத்தோடு முறையே 4:3, 3:2, 2:1 என்னும் சிற்றெண் விகிதங்களில் நிற்றலின் செவிக்கு இயைந்து ஒலிக்கின்றன. இவ்வியைபினைப் பண்டைத் தமிழிசையோர் உறவின் பெயரால் வழங்கினர். நின்ற நரம்பிற்கு நான்காம் நரம்பு நட்பு என்றும், ஐந்தாம் நரம்பு கிளை என்றும், மூன்றாவதும் ஆறாவதும் பகை என்றும் சிலப்பதிகார உரை கூறும். எனவே குரலுக்கு உழை நட்பு, இளி கிளை.

இனி, குரல் ஆதாரத்தோடு சேர்ந்ததா அன்றா என்பதைச் செவி அறியுமாறு யாங்ஙனம்? ஆதாரம் 240 அதிர்வோடு ஒலிக்க, பாடுவோர் குரல் 243 ஆயின், கலந்த அவ்வொலி நொடிக்கு 3 முறை பெருகியும் சுருங்கியும் அலைபோல அசையும். இதனைப் பௌதிக நூலார் விம்மல் என்பர். குரல் 241 ஆயவழி விம்மல் நொடிக்கு ஒன்றாகும். 240 ஆயவழி முற்றும் அடங்கும். பஞ்சமத்தினும் இதனைக் கேட்கலாம். ஒவ்வொரு சுரமும் தன்னினும் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுடைய நுண்ணொலிகளை உடன்கொண்டே எழும். 240இன் மும்மடங்கும் 360இன் இருமடங்கும் 720 ஆதலின், அவை ஆண்டு ஒன்றுபடும். பஞ்சமம் 361 ஆகப் பிறழின், அந்நுண்ணொலி 722 ஆகி நொடிக்கு 2 விம்மல் தோன்றும். தம்புரா இந்நுண்ணொலிகளை மிகுதியும் எழுப்புதலின், செவிப் பயிற்சிக்குச் சிறந்த துணையாயிற்று.

ஆர்மோனியத்தின் நிலை வேறு. எல்லாச் சுரங்களினின்றும் பாடத் தொடங்குதற்கு வாய்ப்பாக, அதன் சுரங்கள் 12 சமக்கூறாகப் பகுக்கப்பட்டுள்ளன. அதனால் 240 அதிர்வுடைய ஆதாரத்திற்கு இயல்பான அந்தர காந்தாரம் 300 ஆயிருக்க, அக்கருவியில் அஃது ஏறத்தாழ 302.4 ஆகின்றது. பஞ்சமமோ 359.6, அவ்வேறுபாடு மிகச் சிறிது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. மிடறும் அத்தகையதே. ஒவ்வொரு சுரத்தையும் கட்டையை அழுத்திக் கற்பவர், நாளடைவில் அக்கருவியின் காந்தாரத்தையே தம் காந்தாரமாகக் கொள்வர்; சுரத்திற்கும் சுரத்திற்கும் இடைநின்று அசையும் பண்ணின் நுட்பங்கள் அவர்க்கு எட்டா.

திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறும் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவிக்கும். ஆளுடைய பிள்ளையாரின் பாடல் யாழில் அடங்காது மேற்செல்ல, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் அதனைத் தடுத்து, கருவியில் இயன்ற அளவே வாசிக்குமாறு அருளினார். நரம்புதோறும் ஒரு சுரமே கட்டப்பெற்ற கருவிக்கு எல்லையுண்டு. மிடற்றிற்கு அவ்வெல்லை இல்லை. கருவி குறைவுடையதென்று வெறுத்தல் வேண்டா. அதன் எல்லையறிந்து கொள்ளுதலே முறை. ஆகலின், கருவியினிடத்து ஆதாரத்தை மட்டும் பெற்று, ஏனைய சுரங்களைச் செவியாற் காணுதல் தக்கது.

பயிலும் முறை வருமாறு. முதற்கண், வருந்தாது பாடுதற்கேற்ற கட்டையைத் தேர்ந்து கொள்க. பிறர் கட்டையிற் பாட முயல்வதே பலர்க்குச் சுருதி பிறழ்தற்குக் காரணம். பின்னர்த் தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ ஒலிக்கவிட்டு, வாய் திறவாது சிறிதுபோழ்து கேட்டிருக்க. அதன்மேல் சட்சத்தை மெல்லிய குரலில் நெடிது நிறுத்தி, விம்மல் அடங்கும் இடத்தைத் தேடுக. உரத்துப் பாடின் தன் குரலே ஆதாரத்தை மறைத்துவிடும். சட்சம் நிலைத்தபின் பஞ்சமம், அதன்பின் மத்திமம், அதன்பின் காந்தாரம் என ஒவ்வொன்றாகச் சேர்க்க. நாடோறும் காற்பொழுதேனும் இவ்வாறு பயின்ற பின்னரே பதிகத்தைத் தொடங்குக. பலர் கூடிப் பாடுமிடத்து, அயலார் குரல் தன் செவிக்குக் கேளாதாயின், தன் குரலைக் குறைத்தல் வேண்டும்.

கேட்டற்பொருட்டுத் தன் குரலை அடக்குதல் இப்பயிற்சியின் முதலும் முடிவும் ஆகும். தன் ஒலியையே கேட்பார்க்குச் சுருதி சேராது. ஆதாரத்தைக் கேட்டு அதனுள் தன் குரல் வேறு தோன்றாது அடங்குமாறு பாடுவார்க்கு, சுருதி பிழையாமையும் அன்பும் இரண்டாக நில்லா.